மண் வெடிப்பைப் படித்த அக்காவும் வயிறு எரிந்த தங்கையும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அக்காவின் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம். மலரைத் தொகுக்கும் என் மகன், "பெரியம்மாவப் பத்தி மொதல் கட்டுரை நீங்கதான் எழுதணும்மா" என்று கேட்டான். எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அடுத்து வரும் பக்கங்களில் அறிஞர்கள் பலர் அக்காவைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். நான் அக்காவுக்குத் தங்கையாக இருந்தவள். அது வேறு உத்தியோகம். அதில் ஓய்வு வயது கிடையாது.

அக்காவின் மேல் எனக்கு அளவில்லாத பாசம் உண்டு. அதைவிட ஒரு பிடி கூடுதலாகப் பொறாமையும் உண்டு. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். இதைப் படிக்கும் தங்கைமார் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அக்கா மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறச் சந்தில், இரண்டு அறை வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். பையன் வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்தபோது அக்கா பிறந்தாராம். அப்பா குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பையன் எதுக்கு" என்றாராம். இந்தக் கதையை அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் பிறந்தபோது என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அன்னிக்கு அவரு கடையில இருந்தாரு" என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்தில் நான் எந்த வகுப்புக்குப் போனாலும் அக்கா ஏற்கெனவே அந்த வகுப்பில் பெயர் வாங்கிவிட்டுப் போயிருப்பார். ஆசிரியைகள் என் பெயரைக் கேட்க மாட்டார்கள், "அவ தங்கச்சியா நீ?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் இருவருக்கும் முக ஜாடைகூட ஒன்றில்லை. அக்கா அம்மாவை உரித்து வைத்தவர், நான் அப்பாவின் அச்சு. இருந்தும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். கல்லூரியில் அக்கா இயற்பியல் எடுத்தார். நானும் அதையே எடுத்தேன். ஒளியியல் தாளில் அக்காவைவிட நான் அதிக மதிப்பெண் வாங்கினேன். இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கும் யாரும் எழுதப் போவதில்லை.

அக்கா பட்டம் வாங்கி, கிண்டிப் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த சமயத்தில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொலைபேசித் துறையில் வேலை. அக்கா பட்டுப் புடவையோடு வந்து உட்கார்ந்தார். நான் பஜ்ஜி, சொஜ்ஜித் தட்டுகளை எடுத்து வந்து வைத்தேன். மாப்பிள்ளையின் மாமா வழக்கம்போல, "பொண்ணு பாடுமா?" என்று கேட்டார்.

"பாட வராதுங்க" என்றார் அக்கா. "ஏரி காஞ்சா சேறு ஏன் கட்டம் கட்டமா வெடிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அது முடியற வரைக்கும் கல்யாணம் வேணாம்னு இருக்கேன்."

மாமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் போன பிறகு அம்மா ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். சில நாள் கழித்து அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெரிய பெண்ணுக்கு விருப்பமில்லை என்றால் சின்னப் பெண்ணைக் கொடுப்பீர்களா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த மாப்பிள்ளைதான் என் கணவர்.

மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணமா என்று உறவில் பலரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அக்கா என் கல்யாணத்தில் முகம் நிறையச் சிரிப்போடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்த பெரியவர்கள், "தங்கச்சி நல்லா இருக்கட்டும்னு தன் வாழ்க்கையவே விட்டுக் குடுத்துட்டாளே" என்று கண்ணைத் துடைத்தார்கள். கடைசித் தேர்வை எழுதிய கையோடு கழுத்தை நீட்டியவள் நான். படிக்கப் போனவர் அக்கா. தியாகப் பட்டமும் அக்காவுக்கே போயிற்று. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

என் படிப்பு அடுப்படியில் முடிந்த அதே மாதத்தில் அக்காவின் படிப்பு தொடங்கியது. ஆராய்ச்சி நிலையத்தில் அக்காவுக்கு உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் பின்னறையைக் கொடுத்தார்கள். பொம்பளைப் பிள்ளை, இன்றைக்கோ நாளைக்கோ கல்யாணமாகிப் போய்விடும் என்று அங்கிருந்த பெரியவர்களுக்கு எண்ணம். கருவி எதுவும் தரவில்லை. அக்கா ஒரு மேஜை விசிறியும், பேக்கரித் தட்டுகளும், ஏரிக்கரையிலிருந்து தானே சுமந்து வந்த களிமண்ணும் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். அந்த அறையில் வெயில் படவில்லை. ஆகவே தட்டுகளெல்லாம் மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தன. என் கூழ் வடகம் ஒரு பக்கம், அக்காவின் சேறு ஒரு பக்கம். காக்காய் ஓட்ட நான், வெடிப்பை அளக்க அக்கா. அலுவலகம் போகும் முன் என் கணவர்தான் தட்டுகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிச் செல்வார். வடகத் தட்டை ஒரு நாளும் தூக்கியதில்லை.

அக்கா கண்டுபிடித்தது என்ன என்று உறவினர்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன். சேற்றை மெல்லியதாகப் பூசினால் வெடிப்புகள் நெருக்கமாக விழும், தடிமனாகப் பூசினால் தள்ளித் தள்ளி விழும். இதைக் கண்ணுள்ள எவரும் பார்த்திருக்கலாம். எவ்வளவு தடிமனுக்கு எவ்வளவு தள்ளி விழும், ஏன் விழும் என்று கணக்குப் போட்டு நிறுவியவர் அக்கா. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கண்டுபிடிப்பு. முதல் தடவை காயும்போது ஒரு வெடிப்பு ஓடிப் போய் இன்னொரு வெடிப்பில் நேராக முட்டி நிற்கும், பெரிய தெருவில் சந்து வந்து முட்டுவது போல. அதே சேற்றை நனைத்து, காயவைத்து, மறுபடி மறுபடி அப்படியே செய்தால் வெடிப்பு பழைய இடத்தில்தான் திறக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சற்று நகரும். கடைசியில் மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் சமமாகப் பிரிந்து, தேன்கூட்டு அறைகள் போல ஆகிவிடும். "மண்ணு எதையும் மறக்காது பாப்பா, ஆனா திருத்திக்கும்" என்பார் அக்கா. என்னை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அந்த வாக்கியத்தில் எனக்குப் பொருந்துவது முதல் பாதி மட்டும்தான்.

அக்காவின் ஆய்வைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து எழுதியவர்கள் முதலில் "அன்புள்ள ஐயா" என்றே எழுதினார்கள். பெண் என்று தெரிந்த பிறகு விமானச் சீட்டே அனுப்பினார்கள். பெயிண்ட் செய்கிறவர்கள், அணைக்கரை கட்டுகிறவர்கள் எல்லாம் அக்காவைத் தேடி வந்தார்கள். பின்னறை போய் அக்காவுக்குத் தனி ஆய்வுக்கூடம் வந்தது, மாணவர்கள் வந்தார்கள், விருது வந்தது. செய்தித்தாளில் படம் வந்தால் என் கணவர் அழகாகக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைப்பார். அக்கா சாப்பிட வந்தால் இரண்டு பேரும் வெடிப்பைப் பற்றியே பேசுவார்கள். எனக்கும் இயற்பியல் தெரியும் என்பது அந்தச் சாப்பாட்டு மேஜையில் யாருக்கும் நினைவிருக்காது. "பாப்பா, ரசம்" என்பார் அக்கா. ஊற்றுவேன்.

விருதும் விமானமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவை இல்லாமல் வாழ்ந்துவிடலாம். உள்ளே அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று. இவர் பார்க்க வந்தது அக்காவை. அக்கா வேண்டாம் என்றதால் நான் கிடைத்தேன். உலகமே அக்காவைக் கொண்டாடும்போது, அன்றைக்கு அக்கா சரி என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இவர் நினைக்காமல் இருந்திருப்பாரா? ஒவ்வொரு தடவை கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்போதும் எனக்கு இதுதான் தோன்றும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா எங்கள் வீட்டு மாடி அறைக்கே குடிவந்தார். மெட்ராஸ், சென்னை ஆவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. அக்காவின் குணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபப்பட மாட்டார், புறம் பேச மாட்டார், யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். அதுவே ஒரு எரிச்சல். சண்டை போட ஒரு காரணமாவது தர வேண்டாமா? தண்ணீர் லாரி வந்தால் என்னோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். எனக்கு முன்னால் நிற்கிறவர் திரும்பி அக்காவிடம்தான் பேசுவார். பட்டினப்பாக்கத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டு வரும் எல்லம்மாகூட, என்னிடம் பேரம் பேசிவிட்டு, "பெரீம்மா இன்னா பண்ணுது?" என்று மாடியைப் பார்த்துக் கேட்பாள். பேரம் பேசுவது ஒருத்தியிடம், நலம் கேட்பது இன்னொருத்தியை.

ஒரு மாலை இருவரும் மாடியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அன்று அக்காவைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்துவிட்டுப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கென்னக்கா, ஊரு உலகம் பூரா ஆளு இருக்கு" என்றேன்.

"நீயும் வந்திருக்கலாமே பாப்பா. ஒளியியல்ல நீ என்னவிடக் கெட்டியாச்சே."

"எப்படி வர்றது? உன்னப் பாக்க வந்த மாப்பிள்ளையை நான்ல கட்டிக்கிட்டேன்!"

அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை என்னப் பாக்கவா வந்தாரு? எப்போ?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. என்னை இத்தனை வருடம் தூங்கவிடாமல் செய்த ஒன்று அக்காவின் மூளையில் ஒரு ஓரத்தில்கூடத் தங்கவில்லை. பட்டாணித் தட்டைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. "ஒண்ணுமில்ல, உரி" என்றேன்.

சிறுநீரகக் கோளாறு வந்த பிறகு அக்கா வெகுவாக மெலிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். வலி என்று அவர் முணுமுணுத்துக் கேட்டதில்லை. கடைசி நாள் காலையில் நானும் அவருடைய மாணவி கல்பனாவும் பக்கத்தில் இருந்தோம். "ஃபேனக் கொறச்சு வை, ஓரம் காயுது" என்றார் அக்கா. அதன்பின் பேசவில்லை. சேற்றுத் தட்டை நினைத்துத்தான் சொன்னார்கள், கடைசி மூச்சிலும் ஆராய்ச்சிதான் என்று கல்பனா இந்த மலரிலேயே உருக்கமாக எழுதியிருக்கிறாள். அக்கா சொன்னது உதட்டோரத்தை. நான்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். கல்பனா நல்ல பெண், நன்றாகவும் எழுதியிருக்கிறாள். ஆனாலும் அது உதடுதான்.

அக்கா போய்விட்டார் என்று தெரிந்ததும் என் கணவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். தன் தாயார் இறந்தபோதுகூட இடிந்து போகாமல் காரியத்தைப் பார்த்த மனிதர். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அக்காவைப் பார்த்தேனா, அவரைப் பார்த்தேனா என்று கேட்டால் அவரைத்தான் பார்த்தேன். சரி, இத்தனை நாள் நான் நினைத்தது தப்பில்லை என்று தோன்றியது. எனக்குக் கண்ணீர் வரவில்லை.

வெளியூர் மாணவர்கள் வர வேண்டி இருந்ததால் மறுநாள் எடுப்பதாக முடிவாயிற்று. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க என் கணவரே அச்சகத்துக்குப் போனார். அக்காவின் படம் வேண்டும் என்றார்கள். விருது விழாவில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம் கூடத்தில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மாரடித்துக்கொண்டு அழும் சத்தம். கதவைத் திறந்தேன். எல்லம்மா. என்னைப் பார்த்ததும் கூடையைப் பொத்தென்று போட்டாள்.

"ஐயய்யோ! இன்னாம்மா இது, நீ நின்னுக்கினு கீற! முக்குல உன் போட்டாவ ஒட்டிக்கினு கீறானுங்களே! நான் அங்கேந்து அழுதுக்கினே வரேன்!"

"போனது அக்கா, எல்லம்மா" என்றேன்.

"பெரீம்மாவா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள். எனக்காக அழுததைவிட இந்த அழுகை நீளம். அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க வரிசையாக நான். விழாவுக்கென்று கட்டிய மாம்பழக் கலர் புடவை, போஸ்டரில் கறுப்பாக விழுந்திருந்தது. படத்துக்கு மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே "உலகம் போற்றிய இயற்பியல் அறிஞர்". பால் வாங்கப் போன இரண்டு பேர் நின்று படித்துவிட்டு, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. என் முகத்துக்குக் கீழே அந்த எழுத்து எவ்வளவு பொருத்தமாக இருந்தது! யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா கூடத்தில் கிடக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று யாரையும் எதுவும் கேட்க நேரமில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ஒரு பெரியவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாலையைக் கொண்டு போய் அக்காவுக்குப் போட்டார். கல்பனா சரியான படத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள். அக்காவை எடுத்தார்கள். என் மகன் கொள்ளி வைத்தான்.

இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து பார்த்த தெருமுனை மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்த நர்சம்மாவுக்கும், காரியத்தன்று தங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், சொந்த மகளைப் போல ஓடியாடிய கல்பனாவுக்கும், அன்று மீன் விற்கப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்த எல்லம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. போஸ்டரைப் பற்றி அச்சகத்தாரை யாரும் குறை சொல்ல வேண்டாம். தவறு அவர்களுடையது அல்ல. இந்த மலரின் அட்டைப் படத்தை மட்டும் நானே பார்த்துக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, என் கணவரும் நானும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தோம். கழற்றிய படம் சுவரில் மறுபடி மாட்டப்பட்டிருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏங்க, இத்தன வருஷம் அக்கா படத்தக் கத்திரிச்சுக் கத்திரிச்சு ஒட்டினீங்களே. அக்கா மொகம் தெரியாமலா என்னக் காட்டினீங்க?"

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"அச்சகத்துல, இதுல எந்தம்மா சார்னு கேட்டாங்க. நான் அழுதுகிட்டு இருந்தேன். கை தானா உன்கிட்ட போயிடுச்சு" என்றார். "அந்தப் படத்துல நான் என்னிக்கும் உன்னத்தானே பாத்துகிட்டு இருக்கேன், சரோஜா."

"அப்ப, ஏன் அப்படி அழுதீங்க?"

"அவங்க அன்னிக்கு வேணாம்னு சொல்லலேன்னா எனக்கு நீ ஏது? எந்தக் காலத்துலயாவது அவங்க கிட்ட அதச் சொல்லணும்னு நெனச்சேன். சொல்லாமலே விட்டுட்டேன்."

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரே ஒரு விஷயத்தில், இந்த ஒரே ஒரு விஷயத்தில் நான் ஜெயித்திருக்கிறேன். பார்க்க வந்தது உன்னை, ஆனால் பார்த்தது என்னை, தெரியுமா என்று அக்காவிடம் உடனே சொல்லிக் காட்ட வேண்டும், அப்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று சட்டென்று எழுந்து மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில்தான் மேலே யாரும் இல்லை என்பது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்காக நான் அழுதது அப்போதுதான்.